'லோட்டஸ் ஃபீட்': மூன்று மேடைப் பதிவுகளில் எது?

என்னிடம் ஒரு பழைய கேசட் இருக்கிறது. 60 நிமிட டேப். மேலே நீல மையில் 'சக்தி' என்று மட்டும் எழுதியிருக்கும். 1993 வாக்கில், தேங்காய்ப்பட்டணத்துக்குப் பக்கத்தில் புதுக்கடையில் கேசட் பதிவு செய்து கொடுக்கும் கடை வைத்திருந்த ஓர் அண்ணன் கொடுத்தது. எங்கள் கடற்கரைப் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருந்த காலம் அது. லீவில் வருகிறவர்கள் கொண்டுவரும் கேசட்டுகளை ஒரு நாள் வாங்கிவைத்து நகல் எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுப்பார். அப்படி வந்ததுதான் இதுவும். அம்மா மேலே எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு, அம்மன் பாட்டு என்று நினைத்து விளக்கு வைக்கும் நேரத்தில் போட்டுவிட்டார். முதல் இரண்டு நிமிடத்திலேயே அடுக்களையில் இருந்து ஓடிவந்து, "இது என்னடா, பேய் ஓட்டுற மாதிரி இருக்கு" என்றார்.

அது ஜான் மெக்லாக்லின், எல். சங்கர், ஜாகிர் உசேன், ராம்நாடு ராகவன், டி.எச். விநாயக்ராம் ஐந்து பேரும் சேர்ந்து வாசித்த சக்தி குழுவின் முதல் இசைத்தட்டு. 1975 ஜூலை 5ஆம் தேதி, நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில் உள்ள சவுத்தாம்ப்டன் கல்லூரியில் நடந்த கச்சேரியின் நேரடிப் பதிவு. அம்மா கேட்டது 'ஜாய்' என்ற பாட்டு. 18 நிமிடம் சொச்சம். மூச்சு விடாமல் ஓடும்.

அது முடிந்ததும் 'லோட்டஸ் ஃபீட்' வரும். ஐந்து நிமிடத்துக்கும் கொஞ்சம் குறைவு. மெதுவான ஒரு மெட்டு, அவ்வளவுதான். அது முடிந்ததும், என் கேசட்டில், மறுபடியும் 'லோட்டஸ் ஃபீட்' வரும்.

இந்தக் கட்டுரையின் பிரச்சினை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

எனக்கு அப்போது 13 வயது. இரண்டும் வேறு வேறு என்றுதான் நினைத்தேன். ஒரே பாட்டை இரண்டு தடவை வாசித்திருக்கிறார்கள், முதலாவது சும்மா ஒத்திகை மாதிரி, இரண்டாவதுதான் அசல் என்று ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். இரண்டாவதில் வயலின் இன்னும் தழைந்து வருகிறது, தபலா இன்னும் ஒதுங்கி வாசிக்கிறது என்று நண்பர்களிடம் விளக்கியிருக்கிறேன். ஒருத்தனோடு சண்டையே போட்டிருக்கிறேன். பிறகு சென்னையில் பி.இ. படிக்கும்போது ஒரு கடையில் குறுந்தகட்டைப் பார்த்தேன். பின்னட்டையில் மூன்றே பாடல்கள். 'லோட்டஸ் ஃபீட்' ஒரே ஒரு தடவை.

ஊருக்குப் போனபோது அண்ணனிடம் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. "டேப்புல எடம் கெடந்துது மக்கா. அதாக்கும் அந்தப் பாட்டை ஒருக்கா கூடப் போட்டேன்."

கணக்கு சரியாகத்தான் இருந்தது. 60 நிமிட டேப்பில் ஒரு பக்கம் 30. ஜாய் 18, லோட்டஸ் ஃபீட் 5, மிச்சம் 7. அதில் 5 நிமிடப் பாட்டு இன்னொரு தடவை தாராளமாக அடங்கும். மறுபக்கம், அந்த ஏறக்குறைய 29 நிமிட நீளமான மூன்றாவது பாட்டுக்கு. சில வருடங்களுக்கு முன்னால் அந்தக் கேசட்டைக் கணினியில் ஏற்றி இரண்டு 'லோட்டஸ் ஃபீட்'டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தேன். சுருதி, வேகம் இரண்டிலும் வித்தியாசம் இல்லை. நான் சண்டை போட்டது ஒரே பதிவுக்கும் அதே பதிவுக்கும் நடுவில்.

ஒரே பாட்டின் பல மேடைப் பதிவுகளில் எது சிறந்தது என்று எழுத உட்காரும் எவனும் முதலில் இப்படி ஒரு வாக்குமூலம் கொடுத்துவிட வேண்டும் என்று நினைக்கிறேன். ஏனென்றால், இப்போது நான் செய்யப்போவதும் அதே வேலைதான். இந்தத் தடவை பதிவுகள் நிஜமாகவே வேறு வேறு.

எந்த அளவுகோல்?

இந்த விளையாட்டு நமக்குப் புதிதல்ல. மதுரை மணி ஐயர் பாடிய 'எப்போ வருவாரோ'வில் எந்தக் கச்சேரி ஜோன்புரி என்று மணிக்கணக்கில் பேசக்கூடியவர்கள் இருந்தார்கள், இன்னும் இருக்கிறார்கள். அவர் 1968ல் காலமானார். இன்று நாம் கேட்பதில் பெரும்பகுதி கச்சேரிகளில் ரசிகர்கள் டேப்பில் பிடித்தது. கை மாறிக் கை மாறி வந்தது. டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடிக்கும் அப்படி ஒரு கூட்டம் உண்டு.

அமெரிக்காவில் இதையே ஒரு மதம் மாதிரி ஆக்கியவர்கள் கிரேட்ஃபுல் டெட் குழுவின் ரசிகர்கள். 1965 முதல் 1995 வரை அந்தக் குழு 2,300க்கும் மேற்பட்ட கச்சேரிகள் செய்தது. பாட்டுகள் அதேதான், ஆனால் ஒவ்வொரு இரவும் நடுவில் எங்கே போய் எப்படித் திரும்புவார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. ரசிகர்கள் மைக்கும் டேப்பும் கொண்டுவந்து பதிவு செய்யலாம். 1984ல் அவர்களுக்கென்று தனி இடமே ஒதுக்கினார்கள். 1977 மே 8ஆம் தேதி கார்னெல் பல்கலைக்கழகத்தில் நடந்த கச்சேரியின் பதிவை அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தேசியப் பதிவேட்டில் சேர்த்திருக்கிறது. இதைத்தான் 'ஜாம் பேண்ட்' என்கிறார்கள். நம்ம ஊர் மொழியில் சொன்னால், கல்பனாஸ்வரமும் தனி ஆவர்த்தனமுமே பிரதானமாக உள்ள குழு.

இதில் ஒரு சின்ன உறவும் உண்டு. கிரேட்ஃபுல் டெட்டின் தாளக்காரர் மிக்கி ஹார்ட்டும் ஜாகிர் உசேனும் நெருங்கிய கூட்டாளிகள். 1976ல் வந்த 'திகா' இசைத்தட்டு அவர்கள் சேர்ந்து செய்தது. 1991ல் மிக்கி ஹார்ட்டின் 'பிளானட் டிரம்' வந்தபோது அதில் நம்முடைய விநாயக்ராமின் கடமும் இருந்தது. உலக இசைக்கென்று கிராமி விருது தொடங்கிய முதல் வருடம் அதை வாங்கியது அந்த இசைத்தட்டுதான். ஆகவே சக்தியை ஒரு ஜாம் பேண்ட் என்று சொல்வது வலிந்து ஒட்டுவது ஆகாது.

சரி, விஷயத்துக்கு வருவோம். ஜாம் பேண்ட் ரசிகர்களின் வழக்கமான அளவுகோல் எது? யார் அதிக தூரம் போனார்கள், எவ்வளவு நேரம் போனார்கள், எவ்வளவு ஆபத்தான இடத்திலிருந்து மீண்டு வந்தார்கள். கச்சேரி ரசிகனும் ஏறக்குறைய இதையேதான் பார்க்கிறான். கணக்கு முடிந்து எடுப்பில் வந்து விழும்போது தொடையில் தட்டுகிறான்.

'லோட்டஸ் ஃபீட்' விஷயத்தில் இந்த அளவுகோல் வேலை செய்யாது. இது ஒரு ஜாம் பேண்ட் ஜாம் செய்யாமல் வாசிக்கிற பாட்டு. உலகத்திலேயே வேகமாக வாசிக்கக்கூடிய ஐந்து பேர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் பாட்டு. ஆகவே "யார் அதிகம் செய்தார்கள்" என்று கேட்பதில் பொருள் இல்லை. "யார் குறைவாகச் செய்து, அதிலும் நம்மை உட்கார வைத்தார்கள்" என்றுதான் கேட்க வேண்டும்.

மூன்று பதிவுகள்

பாட்டின் பிறப்பு விவரம் சுருக்கமாக. மெக்லாக்லின் 1942ல் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் பிறந்தவர். ஸ்ரீ சின்மயின் சீடராக இருந்தவர். 'மகாவிஷ்ணு' என்ற பெயர் குரு கொடுத்தது. அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை படித்தார். சங்கர் படித்ததும் ராம்நாடு ராகவன் மிருதங்கம் சொல்லிக்கொடுத்ததும் அதே வெஸ்லியன்தான். திருவடி, பாத கமலம் என்று நாம் ஆயிரம் வருடமாகச் சொல்லிவரும் ஒன்றை ஒரு வெள்ளைக்காரர் தலைப்பாக வைக்கிறார் என்றால் அதற்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது. மின் இசைக்குழுவான மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ராவின் 'இன்னர் வேர்ல்ட்ஸ்' இசைத்தட்டிலும் இந்தப் பாட்டு உண்டு. அது ஸ்டுடியோவில் செய்தது, கிதார் ஒலியை சின்தசைசர் வழியாக மாற்றி வாசித்தது. நம் போட்டியில் அது இல்லை.

மேடையில் பதிவாகி, முறையாக வெளிவந்தவற்றில் நான் எடுத்துக்கொண்டவை மூன்று.

முதலாவது, மேலே சொன்ன 1975 சவுத்தாம்ப்டன். மெட்டு வயலினிலும் கிதாரிலும் வருகிறது. கிதார் அக்கூஸ்டிக். சக்தி நாட்களில் மெக்லாக்லின் தன் கிதாரில் ஃப்ரெட்டுகளுக்கு நடுவே மரத்தைக் குடைந்து, வீணைபோல் தந்தியை இழுத்து வாசிக்கும்படி செய்துகொண்டார்.

இரண்டாவது, 1997. சக்தி கலைந்து ஏறத்தாழ இருபது வருடம் கழித்து, 'ரிமெம்பர் சக்தி' என்ற பெயரில் இங்கிலாந்தில் செய்த கச்சேரிகளில் பதிவானது. 1999ல் இரண்டு குறுந்தகடுகளாக வந்தது. சங்கர் இல்லை. அவர் இடத்தில் ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழல். ஜாகிரும் விநாயக்ராமும் உண்டு. இந்தத் தொகுப்பில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நீளும் 'முக்தி' என்ற பாட்டும் இருக்கிறது. ஜாம் ரசிகர்களுக்கு வேண்டியதெல்லாம் அதில் கிடைக்கும்.

மூன்றாவது, 1999ல் ஐரோப்பாவில் பதிவாகி 2000ல் 'தி பிலீவர்' என்ற பெயரில் வந்தது. யு. ஸ்ரீநிவாஸின் மாண்டலின். விநாயக்ராமின் இடத்தில் அவர் மகன் செல்வகணேஷ். மெக்லாக்லின் கையில் எலெக்ட்ரிக் கிதார்.

மூன்றிலும் மாறாமல் இருப்பவர்கள் இரண்டே பேர், மெக்லாக்லினும் ஜாகிரும். மாறுவது மெட்டைத் தூக்கிப் பிடிக்கும் மூன்றாவது ஆள். வயலின், குழல், மாண்டலின். ஒரு சோதனைக்கு இதைவிட நல்ல அமைப்பு கிடைக்காது. ஒரே ஒரு மாறியை மட்டும் மாற்றிப் பார்க்கிற மாதிரி.

ஒரு தோற்றுப்போன சோதனை

மென்பொருள்காரன் புத்தி சும்மா இருக்குமா. மூன்றையும் ஒரே ஒலியளவுக்குக் கொண்டுவந்தேன். சத்தம் கொஞ்சம் கூடுதலாக இருந்தாலே நல்ல பதிவு என்று காது ஏமாந்துவிடும், அதனால். பிறகு வரிசையைக் கலைத்துப்போட ஒரு சின்ன நிரல் எழுதினேன். ஊரில் இருந்த மூன்று வாரம் தினமும் காலையில் பொழிமுகம் வரை நடந்துபோய், துறைமுகத்துப் பக்கம் உட்கார்ந்து, கலைந்த வரிசையில் மூன்றையும் கேட்டு, அன்றைக்கு எது பிடித்தது என்று குறித்துக்கொண்டேன்.

கண்ணைக் கட்டிக்கொண்டு கேட்பதற்கு இதில் வழியில்லை. முதல் ஸ்வரத்திலேயே வயலினா குழலா என்று தெரிந்துவிடும். ஆனாலும் வேறு ஒன்று தெரிந்தது. 21 நாளில் 14 நாள், நான் கடைசியாகக் கேட்டதுதான் ஜெயித்திருந்தது. எது கடைசியோ அது.

13 வயதுப் பையன் இன்னும் அங்கேயே உட்கார்ந்திருக்கிறான். ஆனால் இந்தத் தடவை அவனைத் திட்டிவிட்டுப் போக மனமில்லை. அவன் ஏன் இரண்டாவதைத்தான் நல்லது என்றான்? கேசட்டில் முதல் 'லோட்டஸ் ஃபீட்'டுக்கு முன்னால் வருவது என்ன? 18 நிமிடப் புயல். காதில் அதன் இரைச்சல் இன்னும் ஓய்ந்திருக்காது. இரண்டாவதுக்கு முன்னால் வருவது 'லோட்டஸ் ஃபீட்'டேதான். அதாவது, இரண்டாவது தடவை அவன் கேட்டது அமைதிக்குப் பிறகு. வயலின் தழைந்ததாக அவனுக்குத் தோன்றியதற்குக் காரணம் வயலின் அல்ல. அவன் காதுதான் தழைந்திருந்தது.

இந்தப் பாட்டுக்கு என்ன வேண்டும் என்று அவன் காது சொல்லிவிட்டது. இதைச் சுற்றி அமைதி வேண்டும். எந்தப் பதிவு அந்த அமைதியைப் பக்கத்துப் பாட்டிடம் கடன் வாங்காமல் தானே உண்டாக்குகிறது என்று பார்த்தால் போதும்.

அதற்குப் பிறகு வரிசை கலைப்பதை நிறுத்தினேன். ஒரு நாளைக்கு ஒரு பதிவு. அன்று வேறு இசை கிடையாது.

தந்தி அதிர்வதும் அடங்குவதும்

1975 பதிவு, தனியாகக் கேட்டால், கொஞ்சம் சிறுத்துவிடுகிறது. இதைச் சொல்ல எனக்குச் சங்கடம். 'ஜாய்' முடிந்த கையோடு கேட்டால் அது மழைக்குப் பிந்தைய முற்றம் மாதிரி. இசைத்தட்டில் அதை அங்கே வைத்தது யாரோ, அவர் காரியம் தெரிந்தவர். ஆனால் காலையில் எழுந்து முதல் வேலையாக அதை மட்டும் கேட்டால், அழகான ஒரு மெட்டு வந்து, சட்டென்று போய்விடுகிறது. வில் போடும் வாத்தியத்தின் குணம் அது. வில் தந்தியில் ஓடும்வரை ஸ்வரம் சாகாது. ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததுக்கு வழுக்கிக்கொண்டே போகலாம். சங்கர் அதை வெகு நன்றாகச் செய்கிறார். இடைவெளியே இல்லாத ஒரு பட்டுத்துணி போல விரிகிறது. இடைவெளி இல்லாததுதான் எனக்கு இப்போது குறையாகப் படுகிறது.

1997 பதிவு குழல். அங்கே இடைவெளி மூச்சால் வருகிறது. ஹரிபிரசாத் ஒரு ஸ்வரத்தை மெல்லத் தொட்டு மேலே கொண்டுபோகும்போது அது இந்துஸ்தானி மீண்டாகிவிடுகிறது. பாட்டுக்கு ஒரு புதிய வாசல் திறக்கிறது, உண்மை. ஆனால் அவர் வாசித்தால் எதுவும் ஆலாபமாக மாறிவிடும் அளவுக்குப் பெரிய ஆள். பாட்டு அவர் பின்னால் போகிறது. மெட்டு தானாக நிற்பதைக் காட்டிலும் மேதை ஒருவர் அதை வைத்து என்ன செய்கிறார் என்று கவனிக்கத் தொடங்கிவிடுகிறேன். 'முக்தி'யில் எனக்கு வேண்டியது அதுவே. இங்கே அல்ல.

1999 பதிவில் மெட்டைச் சொல்லும் இரண்டு வாத்தியமும் மீட்டும் வாத்தியம். மாண்டலினும் கிதாரும். மீட்டிய கணத்திலிருந்து தந்தியின் ஒலி தேயத் தொடங்கிவிடும். எலெக்ட்ரிக் என்பதால் கொஞ்சம் கூடுதல் ஆயுள், அவ்வளவுதான். வேகமாக வாசிக்கும்போது இது தெரியாது, அடுத்தடுத்த மீட்டு இடைவெளியை மூடிவிடும். மெதுவான மெட்டில் மறைக்க முடியாது. ஸ்வரம் பிறக்கிறது, தேய்கிறது, அடங்குகிறது, அடுத்தது பிறக்க இன்னும் நேரம் இருக்கிறது. வயலின்காரருக்கும் குழல்காரருக்கும் இந்தப் பிரச்சினை இல்லை.

மாண்டலினில் கர்நாடக இசையே முடியாது என்று சொல்லப்பட்டதற்குக் காரணம் இதுதான். கமகத்துக்கு நீண்டு நிற்கும் ஒலி வேண்டும், மாண்டலினில் அது இல்லை. ஸ்ரீநிவாஸ் வழக்கமான எட்டுத் தந்தி, இரட்டை இரட்டையாகக் கட்டிய மாண்டலினை விட்டுவிட்டு, ஐந்து ஒற்றைத் தந்திகள் உள்ள எலெக்ட்ரிக் மாண்டலினை எடுத்துக்கொண்டார். ஒற்றைத் தந்தி என்பதால் இழுக்க முடியும். தேய்ந்துகொண்டிருக்கும் ஒலிக்குள்ளேயே, அது அடங்குவதற்குள், அசைவை முடித்துவிட வேண்டும். சின்ன வயதிலிருந்தே அவர் செய்துவந்த வேலை அது. கிருதிகளில் நமக்கு அது சாதனையாகத் தெரியும். 'லோட்டஸ் ஃபீட்'டில் சாதனையாகவே தெரியாது. ஒரு ஸ்வரத்தை மீட்டி, லேசாக அசைத்து, விட்டுவிடுகிறார். அது அடங்கும்வரை காத்திருக்கிறார். அவ்வளவு வேகமாக வாசிக்கக்கூடிய ஒருவர் காத்திருக்கிறார் என்பதுதான் விஷயம்.

அந்த இடைவெளியில் என்ன கேட்கிறது? ஜாகிரின் இடது கை. தபலாவின் பாயாவில் உள்ளங்கை அழுத்தி வரும் அந்தக் கனத்த மெல்லொலி. மற்ற பதிவுகளிலும் அவர் வாசிக்கிறார், ஆனால் மேலே வயலினோ குழலோ பந்தல் போட்டிருப்பதால் அடியில் ஓடும். இங்கே பந்தலில் ஓட்டை இருக்கிறது. வானம் தெரிகிறது.

துக்கம் தீர்ப்புச் சொல்லலாமா?

இங்கே ஒரு சந்தேகத்தை நானே கிளப்பிவிடுகிறேன். ஸ்ரீநிவாஸ் 2014 செப்டம்பர் 19ஆம் தேதி சென்னையில் இறந்தார். 45 வயது. நான் 2010ல் என் குறிப்பேட்டில் எழுதிவைத்த வரிசை இது: முதலில் 1975, பிறகு 1997, கடைசியில் 1999. 2014 அக்டோபரில் எழுதிய வரிசையில் 1999 முதலிடத்துக்கு வந்துவிட்டது. பதிவு அதேதான், ஒரு ஸ்வரம் மாறவில்லை. மாறியது செய்தித்தாள்.

இதை நான் ரொம்ப நாள் நம்பவில்லை. இறந்தவர் வாசித்தது என்பதால் மனசு இளகுகிறது, அதைக் காதின் தீர்ப்பாக எழுதுவது நேர்மையில்லை என்று தோன்றியது. அதனால்தான் பத்து வருடமாக இந்தக் கட்டுரையைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

2024 டிசம்பர் 15ஆம் தேதி சான் பிரான்சிஸ்கோவில் ஜாகிர் உசேன் இறந்தார். அந்த வருடம் பிப்ரவரியில்தான் சக்தியின் 'திஸ் மொமென்ட்' கிராமி வாங்கியிருந்தது. செய்தி வந்த இரவு மூன்று பதிவுகளையும் மறுபடி கேட்டேன். சோதனைக்காக அல்ல, வேறு என்ன செய்வது என்று தெரியாமல். பிறகுதான் உறைத்தது. ஜாகிர் மூன்றிலும் இருக்கிறார். இந்தத் துக்கம் மூன்றுக்கும் பொது. 24 வயது ஜாகிர், 46 வயது ஜாகிர், அதற்கு இரண்டு வருடம் கழித்த ஜாகிர். சமன்பாட்டின் எல்லாப் பக்கமும் ஒரே எண்ணைக் கூட்டினால் வரிசை மாறக்கூடாது. 1975ல் அந்த இளைஞன் வாசிப்பதுதான் அன்று அதிகம் வலித்தது. ஆனாலும், ஒரு மாதம் கழித்து நாளுக்கு ஒன்றாகக் கேட்டபோது, வரிசை அப்படியே இருந்தது. 1999 முதலில்.

அந்த இடைவெளிகள்தான் காரணம் என்று அப்போதுதான் எனக்கே தெளிவாகச் சொல்ல முடிந்தது. மரணம் என் காதை அந்தப் பக்கம் திருப்பியிருக்கலாம். திரும்பிய பிறகு அங்கே கேட்டது, இல்லாத ஒன்று அல்ல.

எதிர்த்தரப்பு

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. கச்சேரியில் இருந்து ஒரு பாட்டைப் பிடுங்கியெடுத்துத் தனியாக நிற்கச் சொல்வது நியாயமா? மதுரை மணி ஐயரின் இங்கிலீஷ் நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் செய்தது. காலை ஆறு மணிக்குத் தனியாகக் கேட்டால் ஏதோ பள்ளிக்கூட பேண்டு மாதிரி இருக்கும். ராகமும் ஸ்வரமும் தனியும் எல்லாம் முடிந்து, துக்கடா நேரத்தில் அது வரும்போது கூட்டம் நிமிர்ந்து உட்காரும். அதன் அழகு அதன் இடத்தில் இருக்கிறது. 'லோட்டஸ் ஃபீட்'டும் ஒரு துக்கடாதான். 'ஜாய்' இல்லாத 'லோட்டஸ் ஃபீட்', தனி ஆவர்த்தனத்தின்போது கேண்டீனுக்குப் போய்விட்டுத் துக்கடாவுக்கு மட்டும் திரும்பி வந்தவன் கேட்கிற பாட்டு.

இந்த மறுப்பை முழுசாக ஏற்கிறேன். கச்சேரியின் ஒரு பகுதியாகக் கேட்டால் 1975தான், அதில் பேச்சே இல்லை. இன்னொன்றும் அந்தப் பதிவுக்கு உண்டு. தபலாவும் மிருதங்கமும் கடமும் கிதாரோடு ஒரே மேடையில் உட்காருவதை அந்தக் கல்லூரி மாணவர்களில் பெரும்பாலோர் அதற்கு முன் பார்த்திருக்க மாட்டார்கள். 18 நிமிடம் மூச்சுமுட்ட வாசித்துவிட்டு, சட்டென்று இப்படி ஒரு சின்ன மெட்டை வைப்பதற்குத் துணிச்சல் வேண்டும். 1999ல் அந்தத் துணிச்சல் தேவைப்படவில்லை. கேட்க வந்தவர்களுக்குப் பாட்டு ஏற்கெனவே தெரியும்.

ஆனால் நான் வாழ்வது கச்சேரிகளோடு அல்ல, பதிவுகளோடு. அதிகமும் தனியாக, காதில் மாட்டிக்கொண்டு, எதற்கு முன்னாலோ பின்னாலோ இல்லாமல். அந்த வாழ்க்கைக்கு உதவும் பதிவு எது என்று கேட்டால் என் பதில் 1999. வேறு மாதிரி கேட்பவர்களுக்கு வேறு பதில் வரும், வர வேண்டும்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது கேசட் அண்ணனைப் பார்த்தேன். கடை மூடிப் பல வருடம் ஆகிறது. காது கொஞ்சம் மந்தம். நான் எழுதிக்கொண்டிருப்பதைச் சொல்லி, 1999 பதிவைப் போட்டுக் கேட்கச் சொன்னேன். ஹெட்போனை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றவில்லை.

"நல்லாத்தான் இருக்கு," என்றார். "ஒருக்கா கூடப் போடு மக்கா."

போட்டேன். இரண்டாவது தடவையும் முடிந்தது.

"இதாக்கும் நல்லது, கேட்டியா."

எந்தப் பதிவைச் சொல்கிறார், எந்தத் தடவையைச் சொல்கிறார் என்று நான் கேட்கவில்லை.